மணிக்கட்டு மெஷின்

அன்று அந்த மருந்துக் கடையில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். ஆனால் என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. முப்பத்தோரு வருடம் மலாக்காவில் ஒரு லோரிக் கம்பெனியில் கிராணி வேலை, அதாவது கணக்கு எழுதுகிற வேலை, பார்த்தேன். டிரைவர்களோடு மல்லுக்கட்டியே பழகிவிட்டதால், யாரைப் பார்த்தாலும் ஒரு வார்த்தை விட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். வேலையை விட்டு வந்த பிறகு அந்த வார்த்தைகளை எல்லாம் வீட்டில் இறக்கினேன். வீட்டில் இருந்தது என் மனைவி ஒருத்திதான்.

இதை என் மகள் படிக்க மாட்டாள். அவளை மலாய்ப் பள்ளிக்கு அனுப்பியவன் நான். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். வெட்கங்கெட்ட தைரியம் என்று யாராவது சொன்னால், சரி, அதையும் வாங்கிக்கொள்கிறேன்.

மனைவிக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது ஐந்தாறு வருடமாகத் தெரியும். அலோர் காஜாவில் அரசாங்கக் கிளினிக்குக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் மாத்திரை வாங்கி வருவோம். அவளுக்கு மற்ற வியாதிகளைப் பற்றி அக்கறை இல்லை, இது ஒன்றுதான் பயம். அவளுடைய அப்பா எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தபோதே வாய் கோணி விழுந்தவர். மூன்று வருடம் லயத்து வீட்டில் பாயில் கிடந்தார். அவருக்குக் கஞ்சி ஊட்டியதும் துணி மாற்றியதும் அப்போது பதினாறு வயதாக இருந்த இவள்தான். "செத்தா ஒரேயடியா சாவணும். எங்கப்பா மாதிரி மட்டும் கெடக்கக் கூடாது" என்று மாத்திரை போடும்போதெல்லாம் சொல்வாள். நான் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல், "நீ கெடந்தா நான் எங்க போறது, சோத்துக்கு?" என்பேன். அவளும் விட மாட்டாள். "அடுத்த தெருவுல மீ கோரெங் விக்கிறான், போய் நில்லுங்க" என்பாள். எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சே அப்படித்தான்.

ஒருமுறை கிளினிக்கில் அவளுடைய பிரஷர் நூற்று எழுபதைத் தாண்டி நின்றது. மலாய்க்கார டாக்டர், சின்னப் பெண், பொறுமைசாலி. மாத்திரையைக் கூட்டலாமா என்று யோசித்தார். சிலருக்குக் கிளினிக் வாசலை மிதித்தாலே பயத்தில் ஏறும், அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரையைக் கூட்டினால் வீட்டில் தலை சுற்றி விழுவார்கள் என்று சொன்னார். அதனால் வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கி, தினமும் காலையில் எடுத்து, ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அடுத்த முறை அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் முடிவு.

அதே நாள் பசியாறிவிட்டு டவுனில் ஒரு மருந்துக் கடைக்குப் போனோம். கவுண்டரில் நம் பிள்ளை ஒருத்தி நின்றாள். "அங்கிள், வாங்க" என்று மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். இரண்டு மெஷின் மேல்கையில் பட்டை சுற்றிக் காற்றடிக்கிற மாதிரி. மூன்றாவது கைக்கடிகாரம் போல மணிக்கட்டில் கட்டுவது. மேல்கை மெஷின்தான் நல்லது என்று அந்தப் பெண் முதலிலேயே சொன்னாள். "போட்டுப் பாக்கலாம் ஆண்ட்டி, உக்காருங்க" என்று நாற்காலி போட்டாள்.

என் மனைவிக்குக் கை கொஞ்சம் பெரிது. சின்ன வயதில் வாளி தூக்கிய கை. மகள் பிறந்த பிறகு இன்னும் பருத்துவிட்டது. அதை மறைக்க முழங்கை வரை கை வைத்த சட்டைதான் போடுவாள். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட முந்தானையை இழுத்துத் தோளோடு சுற்றிக்கொள்வாள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

அந்தப் பெண் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினாள். மெஷின் முனகிக்கொண்டே காற்றடித்தது. பாதியில் ஒட்டு பிரிந்து பட்டை பர்ரென்று கழன்று விழுந்தது. மறுபடி சுற்றினாள், மறுபடி பர்ர். "ஆண்ட்டிக்குப் பெரிய சைஸ் பட்டை வேணும் அங்கிள். ஸ்டாக் இல்ல. ஆர்டர் பண்ணா மூணு நாள்ல வந்துடும்" என்றாள்.

மூன்று நாள் பொறுத்திருந்தால் போதும். ஆனால் பின்னால் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இதுக்கு ஏன் மா ஆர்டர் பண்ற? லோரியில சாமான் கட்டுற பெல்ட் இருக்கும்ல, அதுல ஒரு மீட்டர் வெட்டிக் குடு. அதுதான் தாங்கும்" என்றேன்.

பின்னால் ஒருத்தர் சிரித்தார். நானும் சிரித்தேன். கடைக்காரப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. வழக்கமாக மனைவியிடமிருந்து என் மொட்டைத் தலையைப் பற்றி ஒரு வார்த்தை வந்திருக்கும், அதைத்தான் நான் எதிர்பார்த்து நின்றேன். அவள் சட்டைக் கையைக் கீழே இறக்கினாள். இறக்கியது போதாமல் இழுத்து இழுத்து விட்டாள். பிறகு மணிக்கட்டு மெஷினைக் காட்டி, "இதக் குடு மா" என்றாள்.

"ஆண்ட்டி, இது கைய சரியான எடத்துல வெச்சு எடுக்கணும். இல்லன்னா தப்பா காட்டும். எப்படின்னு காட்டறேன்…"

"அதெல்லாம் உள்ள பேப்பர் இருக்கும்ல? நான் படிச்சிக்கிறேன் லா. கிராணி வேலை பாத்தவன் மா நான்" என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டேன். எங்கள் தாமானில், அக்கம்பக்கத்து வீடுகளில், யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். மலாய், ஆங்கிலம் எல்லாம் படித்துச் சொல்வேன். அந்தப் பெட்டிக்குள் இருந்த காகிதத்தை மட்டும் மடிப்புகூடப் பிரிக்காமல் கேரண்டி அட்டையோடு சேர்த்து அலமாரியில் போட்டேன்.

முதல் நாலைந்து நாள் சமையலறை மேசையில் உட்கார்ந்து எடுத்தோம். நூற்று அறுபத்தெட்டு, நூற்று எழுபத்து நாலு என்று வந்தது. எண்ணைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிடும். "எங்கப்பா மாதிரிதான் ஆவப்போறேன்" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்வாள். எனக்கும் பயம்தான். ஆனால் வெளியே, "காலங்காத்தால ஒப்பாரி வெக்காத" என்றுதான் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் குளித்து, சாமி மேடையில் விளக்கேற்றிவிட்டு, மெஷினை எடுத்துக்கொண்டு அங்கேயே போய் நின்றாள். எண்ணைப் பார்க்கப் பயம், அதனால் அம்மாளை முதலில் கும்பிட்டுவிட்டுத்தான் பார்ப்பேன் என்றாள். இடது மணிக்கட்டில் கட்டினாள், பொத்தானை அமுக்கினாள், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். கோயிலில் தீபாராதனை காட்டும்போது நாம் எல்லோரும் தூக்குவோமே, அப்படி. மெஷின் உறுமி, அடங்கி, பீப் என்று கத்தும் வரை அசையவில்லை. பிறகு கையை இறக்கி என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு."

நூற்று முப்பத்து நாலு.

நான் சொன்னதும் அவள் நம்பவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தாள். அப்படியே விழுந்து கும்பிட்டாள். அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பாயசம் வைத்தாள், பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. எனக்கு அது வேண்டியிருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? கடையில் நடந்ததற்குப் பிறகு அவள் என்னிடம் சரியாகப் பேசாமல் இருந்தாள். அந்த எண்ணால் வீடு மறுபடி வீடாகியது.

மறுநாள் பழக்கப்படி மேசைக்குப் போனவளை நான்தான் கூப்பிட்டேன். "ஏன் லா அங்க போற? சாமி மேடைகிட்ட நல்லா வருதுல்ல? அங்கேயே எடு." இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அவள் பயத்தில் ஒருநாள் செய்ததைத் தினசரி வழக்கமாக ஆக்கியவன் நான்.

இரண்டரை மாதம். ஒவ்வொரு காலையும் அவள் கையைத் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு நிற்பாள், நான் பேனாவோடு பக்கத்தில் நிற்பேன். நூற்று முப்பது, நூற்று இருபத்தொன்பது, நூற்று முப்பத்தாறு. கோடு போட்டு, தேதி போட்டு, கம்பெனி லெட்ஜர் எழுதிய அதே கையெழுத்தில் எழுதினேன். ஆரம்பத்து நாலைந்து நாள் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். மெஷின் புதிது, அப்போது பழகவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

தவணை வந்து கிளினிக்குக்குப் போனபோது அங்கே மறுபடி நூற்று எழுபத்தைந்து காட்டியது. டாக்டர் என் புத்தகத்தைப் புரட்டினார். "ரொம்ப அழகாக எழுதியிருக்கிறீர்கள் அங்கிள்" என்றார். வீட்டில் இவ்வளவு நன்றாக இருப்பதால் இங்கே ஏறுவது பயம்தான், மாத்திரை இப்போது இருக்கிற அளவே போதும் என்று முடிவு சொன்னார். அடுத்த தடவை மெஷினையும் கொண்டுவாருங்கள், எங்கள் மெஷினோடு ஒத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். நான் காடியை ஓட்டித் திரும்பி வரும்போது மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். "நான் தப்பிச்சிட்டேன் போல" என்றாள்.

அந்த அடுத்த தடவை வரவே இல்லை. ஐந்து வாரம் கழித்து, காலை பத்து மணி இருக்கும், பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாளி உருண்ட சத்தம் கேட்டது. "என்னத்த போட்டு ஒடைக்கிற?" என்று கத்திக்கொண்டே போனேன். ஈரத் துணிமேல் விழுந்து கிடந்தாள். வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள், சத்தம்தான் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆம்புலன்ஸ் கூப்பிட்டார்.

மலாக்காவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரஷர் இருநூற்றுப் பத்து என்றார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வார்டில் இருந்த மிஸ்ஸி நம்ம ஆள், ஐம்பது வயது இருக்கும். அந்த நர்ஸம்மாவிடம் புத்தகத்தை நீட்டிச் சண்டைக்குப் போனேன். "உங்க மெஷின் சரியில்ல மிஸ்ஸி. இங்க பாருங்க, தெனமும் எழுதியிருக்கேன். இன்னிக்குக் காலையிலகூட நூத்தி முப்பத்தொண்ணு!"

அவர் புத்தகத்தை நிதானமாகப் பார்த்தார். "மேல்கை மெஷினாண்ணே, மணிக்கட்டா?" என்று கேட்டார். மணிக்கட்டு என்றேன். "எப்படி வெச்சு எடுத்தாங்க?"

நான் எழுந்து நின்று காட்டினேன். வார்டு நடுவில், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பி, கண்ணைக்கூட மூடிக் காட்டினேன்.

கண்ணைத் திறந்தபோது மிஸ்ஸி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் இடது கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கி, மடக்கி, என் நெஞ்சுக்கு நேராக வைத்தார். "இங்க வெக்கணும்ண்ணே. மேல தூக்கிட்டா ரத்தம் எறங்கிடும், கம்மியாத்தான் காட்டும்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்த மெஷினை என் கையில் கட்டிப் பார்த்தேன். நெஞ்சுக்கு நேராக வைத்தால் நூற்று நாற்பத்தாறு. தலைக்கு மேலே தூக்கினால் நூற்றுப் பன்னிரண்டு. அதே மனுஷன், அதே நாற்காலி, ஐந்து நிமிட இடைவெளி. பிறகு அலமாரியில் இருந்த காகிதத்தைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே படம் போட்டிருந்தது. ஒரு ஆள் கையை மடக்கி நெஞ்சில் வைத்திருக்கிறான், பக்கத்தில் சிவப்பாக ஓர் இருதயம். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும்.

மறுநாள் ஜோகூரில் இருந்து மகள் வந்தாள். ஒரே பிள்ளை, அங்கே வேலை. வாரத்துக்கு மூன்று தரம் போன் பண்ணி அம்மாவின் எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். "எல்லாம் நல்லா இருந்துச்சே ப்பா, எப்படி?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மெஷின் கெட்டுப் போயிருக்கு மா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, நாக்கு நுனியில் தயாராக இருந்தது போல வந்தது.

ஆறு வாரம் கழித்து மனைவியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. பேச்சு போய்விட்டது. புத்தி போகவில்லை, எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது என்று டாக்டர் சொன்னார். மகள் சந்தோஷப்பட்டாள். எனக்கோ, அப்படியானால் நான் பேசியதெல்லாம் அவளுக்கு நினைவிருக்கும் என்றுதான் பட்டது. ஹாலில் சாமி மேடைக்கு எதிரே கட்டில் போட்டோம். அவள் எதற்குப் பயந்தாளோ அதுவே நடந்துவிட்டது. கிடக்கிறாள்.

மேல்கை மெஷின் வாங்க வேண்டும் என்றார்கள். பழைய கடைக்குப் போக எனக்கு முகமில்லை. தெங்கேராவில் வேறொரு கடைக்குப் போய், மூன்று நாள் காத்திருந்து, பெரிய பட்டையோடு வாங்கி வந்தேன். சுற்றிப் பார்த்தால் தொளதொளவென்று நின்றது. ஆறு வாரத்தில் கை அவ்வளவு வற்றியிருந்தது. மறுபடி போய்ச் சாதாரணப் பட்டை வாங்கிவந்தேன்.

மகள் லீவு போட்டுத் தங்கியிருந்தாள். ஒருநாள் மத்தியானம் அலமாரியைத் துடைக்கும்போது மணிக்கட்டு மெஷின் அவள் கையில் அகப்பட்டது. பெட்டி, ரசீது எல்லாம் இருந்தது. அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"இன்னும் வெச்சிருக்கீங்களா ப்பா இத? நான் இப்பவே அந்தக் கடைக்குப் போறேன். வித்தவ யாருன்னு பாத்து மூஞ்சிலயே வீசறேன். ஒரு ஆளையே இப்படிப் படுக்க வெச்சிட்டாளுங்க!"

காடிச் சாவியை எடுத்துவிட்டாள். அந்தப் பெண் என்னை மறந்திருக்க மாட்டாள். ரசீதைப் பார்த்ததும் சொல்லிவிடுவாள். பெரிய பட்டை ஆர்டர் பண்ணச் சொன்னேன், உங்கப்பா பெல்ட் வெட்டிக் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள், எப்படி எடுப்பது என்று காட்ட வந்தேன், வேண்டாம் என்றார்.

"நில்லு மா" என்றேன். "மெஷின் மேல தப்பில்ல. அது நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

கட்டிலில் மனைவி கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தாள். அவள் முன்னால் பேச வேண்டாம் என்று மகளை வெளியே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எல்லாவற்றையும் கேட்பாள் என்று பயம்.

"உங்கம்மா கையத் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டுக்கிட்டே எடுத்தா. அப்படி எடுத்தா கம்மியா காட்டுமாம். ஆஸ்பத்திரில மிஸ்ஸி சொன்னாங்க. நமக்கு என்ன தெரியும்?"

அவ்வளவுதான் சொன்னேன். அங்கேயே எடு என்று நான் சொன்னதைச் சொல்லவில்லை. கிழித்த பக்கத்தைச் சொல்லவில்லை. கடையில் சிரித்ததைச் சொல்லவில்லை. பாதி உண்மையை எடுத்து மனைவி தலையில் வைத்தேன்.

மகள் சாவியைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். கோபமாகக் கேட்கவில்லை, அழுதுகொண்டேதான் கேட்டாள். "ஏன் ம்மா? அப்புறமா கும்பிட்டிருக்கலாம்ல? ஏன் ம்மா இப்படிப் பண்ணீங்க?"

என் மனைவி அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இடது கை மெதுவாக எழுந்தது. அந்தக் கையால் செத்துக் கிடந்த வலது மேல்கையைப் பிடித்தாள், சட்டைத் துணியைக் கீழே இழுத்து இழுத்து விட்டாள். பிறகு விரலை என் பக்கம் நீட்டினாள். வாயைத் திறந்து, "ஆ… ஆ…" என்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடி கையைத் தொட்டாள், மறுபடி என்னைக் காட்டினாள்.

"என்ன ம்மா? கை வலிக்குதா? அப்பாவா? அப்பாக்கு என்ன ம்மா?" மகள் அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன ப்பா சொல்றாங்க? உங்களுக்குப் புரியுதா?"

ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

"தண்ணி கேக்குறா மா" என்றேன்.

மகள் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். தலையைத் தாங்கிப் பிடித்து, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். என் மனைவி வேண்டாம் என்று தலையைத் திருப்பவில்லை. என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், டம்ளர் காலியாகும் வரை குடித்தாள்.